மாஸ்தரின் சனிக்கிழமை

கராடியில் ஐ.டி. பார்க்குகள் முளைப்பதற்கு எழுபது வருஷம் முன்னாலேயே அங்கே புல் முளைத்துவிட்டது. தானாக முளைத்ததில்லை, முளைக்க வைத்தார்கள். ஆற்றோரமாகக் கல்லும் கருவேலமுமாகக் கிடந்த நிலத்தை 1934இல் பதினொரு யூதக் குடும்பங்கள் சேர்ந்து பாட்டீல் என்கிற ஊர்த்தலைவரிடம் வாங்கின. பெனே இஸ்ரேல் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறவர்கள். கொங்கண் கடற்கரையிலிருந்து வந்து, வீட்டில் மராத்தி பேசி, தேங்காய்ப்பால் விட்டு மீன்குழம்பு வைத்து, வெள்ளிக்கிழமை சாயந்திரம் விளக்கேற்றி எபிரேயத்தில் கும்பிடுகிறவர்கள். ரயில்வே குமாஸ்தா, ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர், பூகோள வாத்தியார் என்று அளவான சம்பளத்துக்காரர்கள். ஒருத்தருக்கும் கோல்ஃப் ஆடத் தெரியாது. வெள்ளைக்காரர்கள் கிளப்பில் சேர்த்துக்கொள்வார்களா என்று எழுதிக் கேட்டார்கள். இடம் காலியில்லை என்று பதில் வந்தது. மறுவருஷமும் கேட்டார்கள். அதே பதில், அதே மசி. இடமே இல்லாமல் போகிற அளவுக்கு அந்த விளையாட்டில் என்னதான் இருக்கிறது, பார்த்துவிடலாம் என்கிற ரோஷத்தில் பிறந்ததுதான் இந்தக் கிளப்.

கிளப்புக்கு நீளமாக ஒரு இங்கிலீஷ் பெயர் உண்டு. அது ரசீதில் மட்டும் இருக்கும். சுற்றுவட்டாரத்துக்கு அது சனிவார் மைதானம். சனிக்கிழமை பூட்டிக் கிடக்கும் என்பதால் அந்தப் பெயர். அவர்கள் வேதத்தில் வெள்ளி பொழுது சாய்ந்ததிலிருந்து சனி பொழுது சாயும்வரை ஓய்வு; அன்றைக்கு ஆடக்கூடாது, புல் வெட்டக்கூடாது, தண்ணீர் பாய்ச்சக்கூடாது. முதலாளிக்கு மட்டும் ஓய்வு என்றால் ஆண்டவனுக்குக் கணக்கில் வராதாம். வேலைக்காரனுக்கும் லீவு, மாட்டுக்கும் லீவு.

மாடு என்று சொன்னது சும்மா இல்லை. அந்தக் காலத்தில் புல் வெட்டுகிற மெஷினை இழுத்தது ஒரு ஜோடி மாடு. குளம்பு பதிந்தால் புல் தரை கெட்டுவிடும் என்று மாட்டுக்குத் தோல் செருப்பு மாட்டுவார்கள். எட்டுக் காலுக்கு எட்டுச் செருப்பு. அதைத் தைக்க கட்கி பட்டாளத்துக் கொட்டகையில் பூட்ஸ் தைத்துக்கொண்டிருந்த ஆம்பூர்க்காரர் பரமசிவத்தைக் கூட்டி வந்தார்கள். தைத்தவரே ஓட்டவும் செய்யட்டும் என்று வைத்துக்கொண்டார்கள். மாடு மராத்தி மாடு. பரமசிவத்துக்கு ஆம்பூர்த் தமிழைத் தவிர வேறொன்றும் வராது. ஆறு மாசத்தில் மாடு தமிழ் கற்றுக்கொண்டது.

பரமசிவத்தின் பேரன்தான் கந்தசாமி. இப்போது ஹெட் மாலி, அதாவது தலைமைத் தோட்டக்காரர். ஐம்பத்தேழு வயசு. ஒன்பதாவது குழிக்குப் பின்னால், வேப்பமரத்தடியில் இரண்டு அறையும் ஓட்டுக்கூரையுமாக இருக்கிற குவார்ட்டர்ஸில் பிறந்தவர். பெண்டாட்டி சந்திரிகாவும் மகள் மீனுவும் அங்கேதான். மீனு சுவருக்கு அந்தப் பக்கம் பதினாலு மாடிக் கட்டடத்தில் ஏதோ கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். தமிழ் பேசுவாள், இடையிடையே தடுக்கி விழுந்து எழுந்து.

பதினொரு குடும்பமும் ஒவ்வொன்றாக இஸ்ரேலுக்குக் கப்பலேறிப் போயின, அப்புறம் பிளேனேறிப் போயின. மராட்டி டாக்டர்கள் வந்தார்கள், சிந்தி வியாபாரிகள் வந்தார்கள், கடைசியாக ஐ.டி.க்காரர்கள் வந்தார்கள். பழைய குடும்பத்தில் மிஞ்சினது ஒருத்தர். ஹனோக் ஜிராட்கர். எண்பத்தெட்டு வயசு, ரிட்டயரான பூகோள வாத்தியார், ஊருக்கே மாஸ்தர். சம்சாரம் போய்விட்டது. மகள் அவிவா இஸ்ரேலில் அஷ்தோத் என்கிற ஊரில். உலகப் படத்தில் எந்த மூலையில் எது இருக்கிறது என்று முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் காட்டின மனுஷனுக்கு இப்போது இரண்டு கண்ணும் தெரியாது. பட்டாளத்துக் கேம்ப் பேட்டையில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் சந்திரிகா மீன்குழம்பு வைத்துக் கொடுக்க, கந்தசாமி பஸ் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுப்பார். கந்தசாமியின் அப்பா செத்தபோது பாடையின் ஒரு பக்கத்தைத் தோளில் தாங்கி வந்தவர் மாஸ்தர். அதற்கு இது பதில் என்றில்லை. பழக்கம்.

இனி அந்தக் காகிதத்துக்கு வருவோம்.

போன பிப்ரவரியில் கிளப் செயலாளர் ஜம்புநாதன், ரிட்டயரான பேங்க் மேனேஜர், கந்தசாமியைக் கூப்பிட்டு ஒரு கவரைக் கொடுத்தார்.

"கந்தசாமி, ஹெரிடேஜ் போர்டு வைக்கப் போறோம்பா. கிளப் சரித்திரம். மாஸ்தர் ஆத்துல பழைய போட்டோல்லாம் இருந்துதே, அதைப் போட்டுக்க அவர் சம்மதம் வேணும். நீ போனா உடனே கையெழுத்துப் போட்டுடுவார். எங்களையெல்லாம் பார்த்தா ஆயிரம் கேள்வி கேப்பார்."

கந்தசாமி கொண்டுபோனார். மாஸ்தர் கையெழுத்துப் போட்டார். கவரில் இரண்டு காகிதம் இருந்ததோ, இரண்டாவது காகிதத்தில் போட்டோவைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையோ, இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாத கந்தசாமிக்கு எப்படித் தெரியும்? சனிக்கிழமை விதியை மாற்ற வேண்டுமானால் பழைய குடும்பங்களில் உயிரோடு இருக்கிற அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டும் என்று 1934இல் எழுதி வைத்திருந்தார்கள். அத்தனை பேரும் என்றால் இப்போது மாஸ்தர் ஒருத்தர்தான்.

மார்ச் முதல் வாரம் கேட்டில் அறிவிப்பு தொங்கியது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஆட்டம் உண்டு. பராமரிப்புக்காகச் செவ்வாய் விடுமுறை. பக்கத்திலேயே ஹெரிடேஜ் போர்டும் வந்துவிட்டது. எழுதினவர் கிளப் கேப்டன் கோகுல்நாத். கோயம்புத்தூர்க்காரர், கராடியில் பெரிய ஐ.டி. அதிகாரி. போர்டுக்கு நாற்பது வார்த்தைதான் என்று டிசைன்காரன் சொல்லிவிட்டான். பதினொரு பெயரைப் போட்டால் பாதி வார்த்தை அதிலேயே போய்விடும். ஆகவே 'விளையாட்டு ஆர்வலர்கள் சிலர்' தொடங்கியது என்று மூன்றே வார்த்தையில் சரித்திரம் முடிந்தது. மாட்டுக்கு இடமில்லை. யூதர்களுக்குமில்லை.

கந்தசாமி ஜம்புநாதன் முன்னால் போய் நின்றார்.

"இன்னா சார், போட்டோவுக்குன்னுதானே சொன்னீங்க?"

ஜம்புநாதன் மேஜை மேல் இருந்த பேப்பர்வெயிட்டை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்தினார். "போட்டோவும்தாம்பா இருந்தது. நான் என்ன பண்ணுவேன் சொல்லு, கமிட்டி தீர்மானம். ஒன்பது பேர் ஒரு பக்கம், நான் ஒருத்தன் என்னத்தைச் சொல்றது? உன் குவார்ட்டர்ஸை யாரும் தொடப்படாதுன்னு அதே மீட்டிங்லதான் எழுதி வாங்கியிருக்கேன். அதையும் நினைச்சுக்கோ."

கந்தசாமி நினைத்துக்கொண்டார். அதுதான் கஷ்டம். நினைக்க நினைக்க, மாஸ்தர் கையெழுத்தைக் கொண்டுவந்து கொடுத்து அதற்குப் பதில் வீட்டை வாங்கிக்கொண்ட மாதிரியே ஆகிப்போனது.

அப்புறம் வந்த சனிக்கிழமைகளில் காலை ஐந்து மணிக்கு மெஷினைக் கிளப்பும்போதெல்லாம் அவருக்குக் கை கூசும். முப்பது, நாற்பது கார்கள் வரிசையில் நிற்கும். நாற்பது பேருக்குக் குறையாமல் ஆடுவார்கள். வெள்ளிக்கிழமை மாஸ்தரிடம் போனால், புல் எப்படி, ஆற்றில் தண்ணி எப்படி, மீனுவுக்கு மாப்பிள்ளை பார்த்தாயா என்று எல்லாம் கேட்பார். சனிக்கிழமையைப் பற்றி மட்டும் கேட்கமாட்டார். கந்தசாமியும் சொல்லமாட்டார்.

மே கடைசியில் மாஸ்தருக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தார். அவிவா போனில் அழுதாள். ஜூன் இரண்டாம் புதன்கிழமை வந்து அப்பாவைக் கையோடு அழைத்துப்போகிறேன், அன்றைக்கே மும்பையிலிருந்து பிளேன் என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து இல்லத்துக்குத் திரும்பின அன்று மாஸ்தர் கந்தசாமியின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர்கள் பேச்சு மராத்தியில்தான். இங்கே தமிழில் வருகிறது.

"கந்தா, போறதுக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை உன் வீட்ல இருக்கணும்."

"மாஸ்தர்?"

"சனிக்கிழமை நான் வண்டியில ஏறமாட்டேன். உனக்குத் தெரியும். அதனால வெள்ளிக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள கூட்டிட்டுப் போயிடு. ராத்திரி தங்கிக்கறேன். காலையில வேப்பமரத்தடியில ஒரு நாற்காலி போடு. உக்காந்து கேக்கணும், அவ்வளவுதான்."

எதைக் கேட்க வேண்டும் என்று கந்தசாமி கேட்கவில்லை. அவருக்குத்தான் தெரியுமே. அப்பா காலத்திலிருந்து மாஸ்தர் சனிக்கிழமைகளில் கால்நடையாக வந்து அந்த மரத்தடியில் உட்கார்ந்ததை அவர் பார்த்திருக்கிறார். மெஷின் இல்லாமல், பந்துச் சத்தம் இல்லாமல், காடையும் தவிட்டுக்குருவியும் மட்டும் பேசுகிற சனிக்கிழமை. அதைக் கேட்க வருகிறார். வந்து கேட்டால் என்ன காதில் விழும்? தான் போட்ட கையெழுத்துதான் விழும். அதை யார் வாங்கிக்கொண்டு போனது என்பதும் விழும்.

மறுநாளே கோகுல்நாத்தைப் பிடித்தார்.

"ஒரே ஒரு சனிக்கெயம மூடுங்க சார். ஒண்ணே ஒண்ணு. பெரியவரு போறாரு. இனிமே வரமாட்டாரு."

கோகுல்நாத் கெட்டவர் இல்லை. ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு நின்று கேட்டார். "அண்ணா, எனக்கும் மனசு கேக்குதுங்ணா. ஆனா சனிக்கெழமதானுங்க கூட்டமே. ரெண்டு வாரத்துக்குப் புக்கிங் ஆயிப்போச்சு. இப்ப கேன்சல் பண்ணுனா என்னையத் தூக்கி ஆத்துல போட்டுருவாங்கங்ணா." அப்புறம் தலையைச் சொறிந்தார். "செவ்வாக்கெழமை வேணா எடுத்துக்குங்க. சும்மாதான கெடக்குது. அவருக்குக் கண்ணும் தெரியாது, ஆஸ்பத்திரில இருந்து தேதியும் கொளம்பிப்போய் இருப்பாரு. செவ்வாயைச் சனின்னு சொல்லிப்போட்டாப் போவுதுங்ணா. சாஃப்ட்வேர்ல நாங்க தெனமும் பண்றதுதான்."

விளையாட்டாகச் சொன்னார். கந்தசாமி விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டில் சந்திரிகா கருவாட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் கை நின்றது.

"இன்னாய்யா பேசற? கெயவருகிட்ட போயி திங்கக்கெயமய வெள்ளிக்கெயமன்னு சொல்லப்போறியா?"

"சொன்னா இன்னா? ஒரு நாளு. நிம்மதியா குந்திட்டு போவாரு."

"அவரு வெளக்கேத்துவாரு. மந்திரம் சொல்லுவாரு. திங்கக்கெயம ஏத்தன வெளக்குக்கு வெள்ளிக்கெயம மந்திரம். அவரு சாமிகிட்டயே அவர பொய் சொல்ல வெக்கிற. அவருக்குத்தான் கண்ணு தெரியாது, அவரு சாமிக்குமா தெரியாது?"

"அப்ப நீயே சொல்லு. சனிக்கெயம இஸ்துக்கினு வந்து குந்த வெச்சா, ஆறு மணிக்கு டொக்கு டொக்குன்னு அடிக்க ஆரம்பிப்பானுங்க. 'இன்னா கந்தா இது'ன்னு கேப்பாரு. நான் இன்னான்னு சொல்றது? ஒங் கையெழுத்த வித்துட்டு ஊட்ட வாங்கிக்கினேன்னா?"

"நீ எங்க வித்த? உனுக்கு தெரியாது இல்ல?"

"தெரியாதுன்றது எனுக்குத் தெரியும். அவருக்கு?"

சந்திரிகா கருவாட்டை இன்னொரு தண்ணீர் விட்டுக் கழுவினாள். மீனு லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினாள். "அப்பா, மாட்டிக்குவோம். பக்கா மாட்டிக்குவோம். ரேடியோ இருக்கு, போன் இருக்கு. டேட் மறைக்கறது ஈஸி இல்ல."

"நீ லீவு போடுவியா மாட்டியா?"

"ஒர்க் ஃப்ரம் ஹோம் போடறேன். ஆனா இது ராங், அப்பா."

இல்லத்தில் ரோஹிணி சிஸ்டர் உதவிக்கு வந்தாள். வெள்ளிக்கிழமை கார் கிடைக்கவில்லை, பெரியவர் ஆசை, என்று மட்டும் கந்தசாமி சொன்னார். அவள் இரண்டு நாளாக டி.வி. ரிமோட்டை ஒளித்து வைத்தாள். திங்கட்கிழமை காலை இட்லியைக் கொடுத்து, "மாஸ்தர், இன்னைக்கு வெள்ளி" என்றாள். மாஸ்தர் கொஞ்ச நேரம் யோசித்தாராம். "ஆஸ்பத்திரியில நாலு நாளை எங்கியோ தொலைச்சிருக்கேன்" என்றாராம்.

மழைக்கு முந்தின வாரம். வெயில் மதியம்வரை அடித்துக் கொளுத்தி, நாலு மணிக்குமேல் மேற்கே மேகம் கட்டி, புழுதியைக் கிளப்பிவிட்டு, ஒரு துளி விடாமல் கலைந்துபோகும். சந்திரிகா திட்டினாளே தவிர வேலையில் குறை வைக்கவில்லை. தனியாக எடுத்து வைத்திருந்த அலுமினியச் சட்டியில், செதில் உள்ள மீனாகப் பார்த்து வாங்கி, தேங்காயை இரண்டு தரம் பிழிந்து பால் எடுத்துக் குழம்பு வைத்தாள். செதில் இல்லாத மீனும், மீனோடு தயிரும் மாஸ்தரின் ஜனங்களுக்கு ஆகாது; அவர் வருகிற அன்றைக்கு அந்த வீட்டில் தயிருக்கு இடமில்லை. கறுப்புத் திராட்சையை ஊறவைத்துக் கசக்கி வடிகட்டி ஒரு செம்பில் மூடினாள். மறுநாளைக்கும் சேர்த்து எல்லாம் சமைத்தாயிற்று. நாளைக்கு அடுப்பு பற்றவைக்கக் கூடாது. செவ்வாய்க்கிழமையாக இருந்தால்கூட.

மாஸ்தர் டாக்சியிலிருந்து இறங்கினதும் மூக்கை உயர்த்தினார். "புல் வெட்டி ரெண்டு நாளாச்சு. இல்லையா கந்தா?"

"ஆமாம் மாஸ்தர்." அது நிஜம்.

கண்ணாடி டம்ளரில் தண்ணீரும் மேலே தேங்காய் எண்ணெயும் விட்டு இரண்டு திரி போட்டு வைத்தாள் சந்திரிகா. மாஸ்தர் தடவித் தடவித் தீக்குச்சி கிழித்து ஏற்றினார். கையால் முகத்தை மூடிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். அந்த மந்திரம் முடிகிறவரை சந்திரிகா வாசற்படியில் நின்றபடி தன் சாமிகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். அப்புறம் மாஸ்தர் திராட்சைச் சாற்றில் ஒரு வாய் குடித்துவிட்டு நாலு பேருக்கும் கொடுத்தார். கணக்குக்கு மூன்று பேர்தான் இருந்தார்கள். நாலாவது வாய் கந்தசாமியின் அப்பாவுக்காம்.

"அவன் கேட்டைப் பூட்டிட்டு வந்து இங்கதான் குடிப்பான்" என்றார்.

கந்தசாமி எழுந்து வெளியே போய் நாற்காலியைத் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார்.

செவ்வாய்க்கிழமை விடிந்தது. மாலிகள் நாலு பேரையும் ஆற்றோரக் கொட்டகையில் சத்தம் இல்லாத வேலைக்கு அனுப்பியாயிற்று. ஜம்புநாதனிடம் முந்தின நாளே சொல்லியிருந்தார். "ஒரு நாள் மெஷின் ஓடலைன்னா புல் என்ன கோச்சுக்கவா போறது? நடத்துப்பா" என்றார் அவர். குற்றம் செய்தவர்களின் தாராளம்.

மாஸ்தர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தலையில் குல்லா வைத்து, ஆறு மணிக்கே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். காடை கூவியது. தவிட்டுக்குருவிகள் கூட்டமாகச் சண்டை போட்டன. கந்தசாமிக்குக் கண் கலங்கியது. இதுதானே கேட்டார் மனுஷன்.

எட்டரைக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் கராடி விழித்துக்கொண்டது. மைதானத்தை வாயடைக்க முடிந்தது. கராடியை யார் அடைப்பது? கம்பெனி பஸ்களும், ரிக்‌ஷாக்களும், ஹாரனை எடுத்தால் உயிர் போய்விடும் என்பதுபோல் அழுத்திக்கொண்டே போகிற பைக்குகளும்.

"என்ன கந்தா, சனிக்கிழமையும் ஆபீஸா?"

"இப்பல்லாம் எல்லா நாளும் ஆபீஸ்தான் மாஸ்தர்."

உள்ளே மீனு வாயைப் பொத்திக்கொண்டு மீட்டிங்கில் இருந்தாள். மேனேஜர் கேட்ட கேள்விக்கெல்லாம் டைப் அடித்துப் பதில் சொன்னாள். தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லியிருந்தாள்.

மாஸ்தர் மதியம் ஆறின சோறும் ஆறின குழம்பும் சாப்பிட்டார். தூங்கச் சொன்னால் மாட்டேன் என்றார். மறுபடி நாற்காலி. வெயில் நகர நகர நாற்காலியையும் நகர்த்திப் போட்டார்கள். காலையில் நிமிர்ந்து உட்கார்ந்தவர், மூன்று மணிவாக்கில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தார். தலையை முதல் குழி இருக்கிற திசைக்கே திருப்பி வைத்திருந்தார்.

"அலுப்பா இருக்கா மாஸ்தர்? படுக்கறீங்களா?"

"இல்ல கந்தா. இன்னும் கொஞ்சம் பாக்கறேன்."

பொழுது சாய்ந்தது. மாஸ்தர் மீனுவைக் கூப்பிட்டார். "வானத்தைப் பாரு பெண்ணே. மூணு நட்சத்திரம் தெரிஞ்சா சொல்லு. அப்பத்தான் சனிக்கிழமை முடிஞ்சதா அர்த்தம்."

மேகம் மூடிக் கிடந்தது. மீனு அண்ணாந்து பார்த்தாள். "ஒண்ணு இருக்கு தாத்தா." லோஹ்காவ் விமான நிலையத்தில் இறங்குகிற பிளேன் அது. கொஞ்சம் பொறுத்து, "ரெண்டு" என்றாள். அது கிரேன் உச்சியில் எரிகிற சிவப்பு விளக்கு. மூன்றாவதற்கு அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சும்மா, "மூணு" என்றாள்.

இரண்டு திரியையும் ஒன்றாகச் சேர்த்து ஏற்றி, கிராம்பு டப்பாவை முகர்ந்து, எல்லார் மூக்கிலும் காட்டி, மாஸ்தர் சனிக்கிழமையை முடித்தார். சந்திரிகா தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அவலை நனைத்து, தேங்காய்ப்பூவும் வெல்லமும் ஏலமும் பிசறி, வாழைப்பழம் நறுக்கிப்போட்ட மலீதா. பிரயாணம் போகிறவர்களுக்கு அந்த ஜனங்கள் வைக்கிற படையல். மாஸ்தர் ஒரு பிடி எடுத்தார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"கந்தா, இப்போ பேசலாம். சனிக்கிழமை இதைப் பேசக்கூடாதுன்னு வாயை மூடிட்டு இருந்தேன்."

"சொல்லுங்க மாஸ்தர்."

"அந்தக் காகிதம். நீ டீ வாங்கப் போனியே, அப்ப பக்கத்துக் கட்டில் டிசூசாவோட பையனைப் படிக்கச் சொன்னேன். ரெண்டையும் படிச்சான்."

கந்தசாமி நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார்.

"தெரிஞ்சா கையெழுத்துப் போட்டீங்க?"

"தெரிஞ்சுதான். நீ தெரியாம கொண்டு வந்தேன்னும் தெரியும். அரே, அழாதே. பதினொரு குடும்பம் ஓய்வெடுக்கறதுக்காக எங்க அப்பா பூட்டின கேட் அது. ஓய்வெடுக்க யார் இருக்கா? நான் ஒரு குருடன், அதுவும் முதியோர் இல்லத்துக் கட்டில்ல. வெள்ளைக்காரன் எங்களை வெளியில நிறுத்தினான். வாரத்துல ஒரு நாள் நாங்களும் யாரையோ வெளியில நிறுத்திட்டிருக்கோம்னு தோணுச்சு. ஆடட்டும். ஆம்பளை, பொம்பளை, யார் வேணா வந்து ஆடட்டும்னு போட்டேன்." கையிலிருந்த அவலைத் தட்டிலேயே உதிர்த்தார். "அதைக் கேக்கத்தான் வந்தேன். என் கையெழுத்துக்கு எத்தனை பேர் வந்திருக்காங்கன்னு காதால கேட்டுட்டுப் போயிடலாம்னு. காலையில ஆறு மணிலேர்ந்து உக்காந்திருக்கேன். ஒரு பந்துச் சத்தம் இல்ல கந்தா. ஒரே ஒரு பந்து. ஒருத்தரும் வரலையே."

அடுப்பங்கரையில் பாத்திரம் வைக்கிற சத்தம் நின்றது. சந்திரிகா வாசற்படிக்கு வந்தாள். புருஷனைப் பார்த்து, வாய் திறக்காமல், சொல்லு என்று தலையை அசைத்தாள்.

"மாஸ்தர்," என்றார் கந்தசாமி. "இன்னைக்குச் சனிக்கிழமை இல்ல. செவ்வாய்க்கிழமை."

மாஸ்தர் முகம் திரும்பியது.

"நான்தான் பொய் சொல்லிக் கூட்டியாந்தேன். நீங்க அமைதியைக் கேக்க வரீங்கன்னு நெனச்சேன். செவ்வாய் லீவு, அதான் யாரும் இல்ல. சனிக்கிழமை நாப்பது பேர் ஆடறாங்க மாஸ்தர். நாப்பதுக்கு மேல. காலையில அஞ்சரைக்கே கார் வந்து நிக்கும். பொம்பளைங்க வராங்க, பசங்க வராங்க. சத்தியமா சொல்றேன். காது அடைச்சுப் போற அளவுக்கு அடிக்கறாங்க."

மாஸ்தர் விரலை மடக்கி எதையோ எண்ணினார். பாதியில் விட்டுவிட்டார். கையை நீட்டித் துழாவி, கந்தசாமியின் தலையைக் கண்டுபிடித்து, அதன்மேல் வைத்தார்.

"சரி கந்தா."

"நெஜமா மாஸ்தர்! மீனு, போன்ல தேதி சொல்லச் சொல்லு. சொல்லச் சொல்லுடி!"

போன் இங்கிலீஷில் பெண் குரலில் செவ்வாய்க்கிழமை என்றது. மாஸ்தர் அந்தப் பக்கம் பார்த்துச் சிரித்தார். புள்ளி வைத்த இடத்தில் ஊர் இல்லாவிட்டாலும் முயற்சிக்கு மார்க் போடுகிற வாத்தியார் சிரிப்பு.

"உங்க அப்பனும் இப்படித்தான். எங்க வீட்ல யார் செத்தாலும், மைதானத்துல பத்து பேர் வந்து துக்கம் விசாரிச்சாங்கன்னு வந்து சொல்லுவான். ஒருத்தனும் வந்திருக்க மாட்டான்." தலையைத் தட்டிக்கொடுத்தார். "நாப்பது பேர். சரி. நாப்பது பேர்னே வெச்சுக்கறேன்."

கந்தசாமி அன்றைக்கு எத்தனை சத்தியம் செய்தார் என்று கணக்கில்லை. செய்யச் செய்ய மாஸ்தர் இன்னும் அன்பாகத் தலையாட்டினார். சந்திரிகாவும் சொல்லிப் பார்த்தாள். அவள் அழுதுகொண்டே சொன்னதால் அதுவும் எடுபடவில்லை. கடைசியில் மாஸ்தர் ஒரு பிடி மலீதாவைச் சாப்பிட்டு, வெல்லம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

புதன்கிழமை மதியம் அவிவா வந்தாள். கிழமையை அவள் வாயால் கேட்ட பிறகும், நாற்பது பேர் என்றதற்கு மட்டும் மாஸ்தர் அதே சிரிப்பைத்தான் சிரித்தார். சாயந்திரம் மும்பைக்கு டாக்சி கிளம்பியது.

சனிக்கிழமை நாற்பத்துமூன்று பேர் வந்தார்கள். கோகுல்நாத் வந்தார். இரண்டு பெண்கள் புதிதாகச் சேர்ந்திருந்தார்கள். பந்து அடிபடுகிற சத்தம் சுவரில் மோதித் திரும்பி வந்தது. பத்து மணிக்குக் கந்தசாமி மீனுவின் போனை வாங்கிக்கொண்டு, "போடு" என்றார்.

"அப்பா, அங்க காலைல ஏழரை. இன்னைக்கு சனிக்கிழமை. அவர் எடுக்க மாட்டார். அவர் இருக்கற வீட்ல யாரும் எடுக்க மாட்டாங்க. நாளைக்குப் பண்ணலாம்."

"நாளைக்குப் பண்ணா இது ஞாயித்துக்கெயம ஆட்டம்னு சொல்லுவாரு. போடு."

மீனு போட்டாள். அஷ்தோதில் மணி அடிக்க ஆரம்பித்தது. கந்தசாமி போனை நீட்டிப் பிடித்தபடி, பந்து அடிக்கிறவர்கள் நிற்கிற பக்கமாக, புல்லில் செருப்பில்லாமல் நடந்து போனார்.